காணாமல் போகாத பன்னிரண்டு பேர்

"ஹூலேவாவுல ஆள் தொலைஞ்சு போறதா? என்ன கதை விடுறீங்க!" என்று இனோக்கே கத்தியதும் கூட்ட அறையே குலுங்கிச் சிரித்தது. "அங்க ஒரு பன்னி வேலியைத் தாண்டினாலே, பத்து நிமிஷத்துல அது யார் வீட்டுப் பன்னி, நேத்து என்ன தின்னுச்சுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. பன்னிரண்டு ஆம்பளைங்க தொலைஞ்சாங்களாம்!"

லெசியேலி மட்டும் சிரிக்கவில்லை. திரையில் தெரிந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தாள். "ஹூலேவாவில் தொடர்பு விட்டுப்போனவர்கள்: 12." அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நேரே "காணவில்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டது அவள்தான். தன் கையால், தன் நீலப் பேனாவால்.

டோங்காவின் வடக்குத் தீவுகளில் ஓர் ஆஸ்பத்திரி அது. மருத்துவ ஆராய்ச்சியை எப்படி அமைப்பது, அடுத்தவர் செய்த ஆராய்ச்சியை எப்படி எடைபோடுவது என்று ஐந்து நாள் வகுப்பு நடந்தது. பாடம் எடுத்தவள் பிரிட்ஜெட் என்ற ஆஸ்திரேலியப் பெண். வயது இருபத்தெட்டு, வெயிலில் மூக்கு மட்டும் இறால் மாதிரி சிவந்திருந்தது. கேட்க வந்தவர்களில் மூத்தவள் லெசியேலி. நாற்பத்தேழு வயது, இருபத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை. கைமுட்டியில் நழுவுகிற நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். "இந்த வயசுல எனக்கென்ன பள்ளிக்கூடம்!" என்று முனகிக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தாள்.

வகுப்பில் அலசுவதற்குப் பிரிட்ஜெட் எடுத்துக்கொண்டது இதே ஆஸ்பத்திரி செய்த ஆராய்ச்சி. தலைமை டாக்டர் மாஃபியின் ஆராய்ச்சி. அவரும் கடைசி வரிசையில் டோங்காவின் மரியாதை உடையான இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண் வந்த அறுபது பேரை வெளித் தீவுகளிலிருந்து சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கி முப்பது முப்பதாகப் பிரித்தார்கள். ஹூலேவாத் தீவில் பேர் எழுதி, யாருக்கு எது என்று வீட்டுப் பெண்களிடம் சொன்னவள் லெசியேலி. ஒரு முப்பது பேருக்கு வழக்கம்போல வியாழக்கிழமைப் படகு. அதில் ஆண் நர்ஸ் இனோக்கே போய் வாராவாரம் கட்டு மாற்றுவான். மற்ற முப்பது பேருக்குப் பொட்டலம். மருந்து, துணி, எப்படிக் கட்டுவது என்று படம் போட்ட தாள் எல்லாம் அதில் இருக்கும்; வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டியது. பன்னிரண்டாவது வாரம் போய்ப் பார்த்தால் பொட்டலக்காரர்களில் கண்ணில் பட்டவர் பதினெட்டு, ஆறியது பதினைந்து. படகுக்காரர்களில் கண்ணில் பட்டவர் இருபத்தெட்டு, ஆறியது இருபத்திரண்டு. நூற்றுக்கு எண்பத்து மூன்று, நூற்றுக்கு எழுபத்தொன்பது. பொட்டலமே போதும், படகுக்கு என்ன தேவை? எரிபொருள் விற்கிற விலையில் டாக்டர் மாஃபிக்கு இது தேனாக இனித்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தலைநகருக்குக் கடிதம் போகும். அடுத்த மாதத்தோடு படகு நிற்கும். கடிதத்தில் கையெழுத்துப் போட மூன்று பேர். மூன்றாவது பெயர் லெசியேலி.

அந்தப் படகு நின்றால் ஹூலேவாக்காரர்களின் கால்களுக்கு நாதி கிடையாது. லெசியேலி பிறந்த தீவு அது. அவளுடைய ஒரே தம்பி லிசியாத்தே இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனும் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தன்.

எப்படித் தொலைந்தார்கள் என்று கேட்கிறீர்களா? ஒரு மண்ணும் இல்லை. அக்காவும் தம்பியும் அந்த ஊரில் ஆளான பிறகு ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். அவள் உள்ளே வந்தால் இவன் வெளியே போய்விடுவான். அக்காவுக்கு அவ்வளவு மதிப்பு, அவள் வாக்குக்கு அப்பீல் கிடையாது. அதே மதிப்புதான் நடுவில் சுவராகவும் நிற்கும். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை? மூச். அதுவும் மாமன் மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் என்று வித்தியாசமெல்லாம் ஹூலேவாவில் இல்லை, எல்லாருமே உடன்பிறந்தவர்கள்தான். அப்படிப்பட்ட ஊருக்கு, ஆண்களின் பாதத்தைப் பார்த்து வரச் சொல்லி, லெசியேலியை அனுப்பினார்கள்.

"லெசியேலி அந்த ஊர்க்காரி. அவளுக்குத் தெரியாத ஆளே அங்க கிடையாது" என்று டாக்டர் மாஃபி தலைநகரிலிருந்து வந்த விருந்தாளிகள் முன்னால் பெருமையாகச் சொன்னார். அவருக்குக் கூடப்பிறந்தவள் இல்லை, பதினான்கு வருஷம் வெளிநாட்டில் படித்தவர், தோன்றியிருக்காது. ஆனால் லெசியேலிக்குத் தோன்றியது. "டாக்டர், அவங்கெல்லாம் எனக்குத் தம்பிங்க, ஆம்பளை நர்ஸை அனுப்புங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். விருந்தாளிகள் எதிரில் பெரியவரை மறுத்துப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டாள். ஹூலேவாவில் அவள் சீருடை தூரத்தில் தெரிந்ததுமே ஆண்கள் பின்பக்கமாகத் தோட்டத்துக்கு நழுவினார்கள். அவள் முன்பக்கம் உட்கார்ந்து அவர்கள் மனைவிமாரோடு டீ குடித்தாள், வேகவைத்த சேப்பங்கிழங்கு தின்றாள், டிக் போட்டாள், திரும்பினாள். ஆறியது, ஆறவில்லை, காணவில்லை என்று படிவத்தில் இருந்ததே மூன்று கட்டம்தான். தம்பி என்பதற்குக் கட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் தற்செயலைப் பற்றிப் பாடம். பிரிட்ஜெட் எல்லார் கையிலும் ஒரு காசைக் கொடுத்துப் பத்து தடவை சுண்டச் சொன்னாள். இனோக்கேவுக்கு எட்டு தலை விழுந்தது.

"பாத்தீங்களா, ராசியான கை!" என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் பிரிட்ஜெட். "பத்து தடவைங்கறது ரொம்பக் கம்மி. கம்மியான எண்ணிக்கையில இப்படி ஏறும், இறங்கும். அதனால சின்ன ஆராய்ச்சியில வித்தியாசம் தெரியலைன்னா, வித்தியாசம் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. நமக்குத் தெரியாதுன்னுதான் அர்த்தம்."

லெசியேலி அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். பள்ளிக்கூடம் அவ்வளவு மோசமில்லை என்று முதல் தடவையாக நினைத்தாள்.

புதன்கிழமை காலையில்தான் பாடம் அவள் கழுத்தைப் பிடித்தது.

"ஒருத்தரைப் பொட்டலக் குழுவுல சேர்த்தாச்சுன்னா, அவர் பொட்டலத்தைப் பிரிச்சாலும் சரி, தூக்கிப் போட்டாலும் சரி, திரும்பி வராமலே போனாலும் சரி, கடைசி வரைக்கும் அவர் அந்தக் குழுதான்" என்றாள் பிரிட்ஜெட். "ஆரம்பிச்ச எல்லாரையும் வச்சுத்தான் கணக்குப் போடணும். வந்தவங்களை மட்டும் எண்ணினா ஏமாந்துடுவோம். ஏன்னா வராதவங்க ஏன் வரலைங்கறதுலதான் விஷயமே இருக்கு. நல்லா ஆகி வராம இருக்கலாம். மோசமாகியும் வராம இருக்கலாம்."

"வெக்கப்பட்டும் வராம இருக்கலாம்" என்றாள் லெசியேலி. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"இருக்கலாமே. எதுக்கு வெக்கம்?"

கடைசி வரிசையில் டாக்டர் மாஃபி தொண்டையைச் செருமினார். லெசியேலி குனிந்து பேனா மூடியைக் கடித்தாள்.

மத்தியானம் சந்தைக்குப் போனாள். அங்கே லிசியாத்தேயின் மனைவி அக்கோசித்தா கிழங்கு விற்க வந்திருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் அவள் முகம் ஒரு மாதிரி கோணியது.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கேன்." அக்கோசித்தா குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத்தான். வீட்டுல நாத்தம் தாங்கல. சர்ச்சுக்குப் போறதையே நிறுத்திட்டார். பக்கத்துல உக்காந்தவங்க மூக்கைப் பொத்துறாங்கன்னு."

"பொட்டலம் என்னாச்சு?"

"தீந்து நாலு மாசம் ஆச்சு. அந்தப் படத்தைப் பாத்து யாருக்குக் கட்டத் தெரியும்? தலைகீழா கட்டினோமோ என்னவோ."

"அப்ப வியாழக்கிழமை படகுக்குப் போக வேண்டியதுதானே! இனோக்கே என்ன, வேண்டாம்னா சொல்வான்?"

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணி. நான் பொட்டலத்து ஆளு, படகு எனக்கில்லைங்கறார். 'அக்கா வந்து பேர் எழுதி என்னைப் பொட்டலத்துல போட்டுட்டுப் போயிருக்காங்க, அக்கா வார்த்தையை நான் தாண்ட மாட்டேன்'னு ஒரே பிடிவாதம்." அக்கோசித்தா கிழங்கு மண்ணை விரலால் சுரண்டினாள். "இனி படகே வராதாமே? நிசமா அண்ணி?"

சீட்டுக் குலுக்கிப் போட்டதை அக்காவின் கட்டளை என்று அந்தப் பைத்தியக்காரன் ஆறு மாதமாகக் காலை அழுகவிட்டுக்கொண்டிருக்கிறானே! லெசியேலிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால், பாதி டாக்டர் மேல், பாதி தன் மேல். இல்லை, முக்கால்வாசி தன் மேல்தான்.

"படகு வரும்" என்றாள். "எப்படி நிறுத்துறாங்கன்னு பாத்துடறேன்."

நேரே வகுப்புக்குப் போய் பிரிட்ஜெட் முன்னால் நின்றாள். "நாளைக்கு நான் வகுப்புக்கு வர மாட்டேன். இனோக்கேவும் படகு வேலையிருக்குன்னு வர மாட்டான்."

"நாளைக்கு ரொம்ப முக்கியமான பாடமாச்சே. ஆராய்ச்சியில நேர்மை பத்தி."

"அதைச் செஞ்சு பாக்கத்தான் போறேன்" என்றாள் லெசியேலி. பிறகு உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டு முடித்தபோது பிரிட்ஜெட்டின் மூக்கைவிட முகம் அதிகமாகச் சிவந்திருந்தது.

"இது உங்க வேலைக்கே ஆபத்தாகலாம்."

"தெரியும். அதை விடுங்க. எப்படிப் பாத்துட்டு வந்தா யாரும் குறை சொல்ல முடியாதுன்னு மட்டும் சொல்லிக்கொடுங்க."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹூலேவா படகுத்துறையில் இறங்கியபோது இனோக்கே புலம்ப ஆரம்பித்துவிட்டான். அவன் தெற்கேயிருந்து வந்தவன். ஹூலேவாவில் யாருக்கும் எந்த முறையும் இல்லை. லெசியேலியை "தலைவி" என்றுதான் கூப்பிடுவான்.

"தலைவி, பன்னிரண்டு வீடா? என் கட்டு வேலையையும் முடிச்சுட்டா? நான் என்ன மனுஷனா, மோட்டாரா?"

"வாயை மூடிட்டு நட. உனக்கு அக்கோசித்தா கோழி அடிச்சு வச்சிருக்கா."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன!"

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒழுங்கு. மனைவியிடம் சொல்லிவிட்டு லெசியேலி வாசலுக்கு வெளியே போய், ஏதாவது ஒரு மரத்தைப் பார்த்து, வீட்டுக்கு முதுகு காட்டி நிற்பாள். அக்காவின் முதுகைப் பார்த்த பிறகுதான் ஆண் தோட்டத்திலிருந்து வருவான். இனோக்கே அவனிடம் சம்மதம் கேட்பான். சம்மதம் என்றால் புண்ணுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து, முகம் தெரியாமல் பாதத்தை மட்டும் போனில் படம் எடுப்பான். கூடவே எண்ணை மட்டும் எழுதிய ஒரு சீட்டு. படகில் கட்டு மாற்றுகிறவர்களின் பாதங்களையும் இதே மாதிரி எடுத்துக் கலந்துவிடுவான். அளப்பது பிரிட்ஜெட். எந்த எண் எந்தக் குழு என்று அவளுக்குத் தெரியாது. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனாலும் இனோக்கேவால் சும்மா இருக்க முடியவில்லை, அளவைச் சத்தமாகக் கத்தினான். லெசியேலி மரத்தைப் பார்த்தபடி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"முப்பத்தி நாலாம் நம்பர்! ஆறியிருக்கு தலைவி! சுத்தமா!"

"கத்தாதேடா, ஊரே கேக்குது."

"கேக்கட்டும், நல்ல சேதிதானே."

நல்ல சேதி மூன்று வீட்டில்தான் கிடைத்தது. மற்ற வீடுகளில் இனோக்கேவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒருவருக்கு இரண்டு விரல் போயிருந்தது. நாற்பத்தோராம் எண்காரர் வீட்டில் இனோக்கேவுக்கு வேலையே இல்லை. அவர் கல்லறையில் இருந்தார். காலில் ஆரம்பித்த விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்தச் சாவுக்கு லெசியேலியே ஊர் வழக்கப்படி சீராகப் பாய் எடுத்துக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சித்தப்பா மகன். ஆஸ்பத்திரிக் கணக்கில் மட்டும் அவர் இன்னும் "காணவில்லை".

கடைசியாகத் தம்பி வீடு. லெசியேலி பலாமரத்தைப் பார்த்து நின்றாள். நம்மூர்ப் பலா இல்லை அது, அந்த ஊர்க் கறிப்பலா. பின்னால் ஒரு கால் இழுத்து இழுத்து வருகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடலோரத்தில் அந்தக் கால்களில் குத்திய முள்ளையெல்லாம் எடுத்துவிட்டவள் அவள்தான்.

"இருபத்தேழு" என்றான் இனோக்கே. கத்தவில்லை. "நீளம் மூணரை சென்டி. அகலம் ரெண்டு. எலும்பு தெரியல. சுத்தம் பண்ணிக் கட்டிட்டேன், மாத்திரையும் கொடுத்துட்டேன்." பிறகு அவளருகில் வந்து மெல்லச் சொன்னான். "தலைவி, வாராவாரம் கட்டினா இந்தக் காலைக் காப்பாத்திடலாம். இப்படியே விட்டா ரெண்டு மாசத்துல பாதம் போயிடும்."

லெசியேலி மரத்தைப் பார்த்தபடியே உரக்கப் பேசினாள். "அக்கோசித்தா! உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. பொட்டலத்துல போட்டது நான் இல்ல, சீட்டு. அடுத்த வியாழக்கிழமை படகு வரும்போது துறையில வந்து உக்காரணும். இதுதான் அக்கா வார்த்தை. நல்லாக் கேட்டுச்சான்னு கேளு."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை. ஒவ்வொருவரும் எழுந்து ஓர் ஆராய்ச்சியை எடைபோட்டுச் சொல்ல வேண்டும். லெசியேலியின் முறை வந்தபோது டாக்டர் மாஃபி கடிதத்தை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் பேனா.

"நான் எடுத்துக்கிட்டது நம்ம கால்புண் ஆராய்ச்சி" என்று ஆரம்பித்தாள். "அதுல பன்னிரண்டு பேர் தொலைஞ்சதா இருக்கு. தொலையல. எல்லாரும் அவங்கவங்க வீட்டுலதான் இருந்தாங்க. காணவில்லைன்னு எழுதினது நான். பொய்."

டாக்டர் மாஃபி நிமிர்ந்தார்.

"லெசியேலி, உக்காரு. இதை அப்புறம் என் ரூம்ல பேசிக்கலாம்."

"இல்ல டாக்டர். அன்னைக்கு வாயை மூடினதுதான் தப்பு. இன்னைக்கும் மூட மாட்டேன். அந்தப் பன்னிரண்டு பேரும் எனக்குத் தம்பிங்க. அவங்க பாதத்தை நான் பாக்க முடியாது, அவங்களும் காட்ட மாட்டாங்க. இது இந்த அறையில இருக்கற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தரும் சொல்லல, நானும் சொல்லல."

லெசியேலி நோட்டைப் பிரித்தாள்.

"நேத்து போய்ப் பாத்தோம். மூணு பேருக்கு ஆறியிருக்கு. பன்னிரண்டாவது வாரத்துல ஆறுச்சா, அப்புறம் ஆறுச்சான்னு தெரியாது. போகட்டும்னு மூணையும் பொட்டலத்துக்கே கொடுத்துட்டேன். எட்டு பேருக்குப் புண்ணு திறந்தே இருக்கு. படகுக் கணக்குல விட்டுப்போன ரெண்டு பேரையும் தேடினோம், ஓரவஞ்சனை கூடாதில்ல. ஒருத்தர் ஆக்லாந்துல மகன் வீட்டுல இருக்கார், ஆறிடுச்சு, படம் அனுப்பினார். இன்னொருத்தர் ஆராய்ச்சி நடக்கும்போதே இறந்துட்டார். அவரை ஆறாததுலதான் சேத்தேன். ஆரம்பிச்ச எல்லாரையும் எண்ணினா, பொட்டலத்துல முப்பதுக்குப் பதினெட்டு. படகுல முப்பதுக்கு இருபத்திமூணு."

"ஒரு ஆள் குறையுதே" என்றார் டாக்டர் மாஃபி. குரலில் குத்தல். "மூணும் எட்டும் பதினொண்ணு. பன்னிரண்டாவது ஆள் எங்க? அவரையும் தொலைச்சுட்டியா?"

"கல்லறையில இருக்கார் டாக்டர். நான்தான் பாய் கொண்டு போனேன்."

டாக்டர் வேறு பக்கம் திரும்பினார். "புண்ணை அளந்தது யாரு? படகு நின்னா வேலை போயிடுமேன்னு பயப்படற இனோக்கேவா?"

"படம் எடுத்தது மட்டும்தான் நானு" என்றான் இனோக்கே. "தலைவி மரத்தைப் பாத்துட்டு நின்னாங்க. ஹூலேவாவுல இருக்கற எல்லா மரத்தையும் இப்ப அவங்களுக்குப் பேர் சொல்லித் தெரியும்."

"அளந்தது நான்" என்றாள் பிரிட்ஜெட். "எந்தப் படம் எந்தக் குழுன்னு எனக்குச் சொல்லல."

டாக்டர் மாஃபி நாற்காலியை நகர்த்தினார். "சரி. அஞ்சு பேர் வித்தியாசம். அறுபது பேர்ல அஞ்சு பேர். இது தற்செயலா வந்திருக்கலாம்னு செவ்வாய்க்கிழமைதானே படிச்சே? படகுதான் ஒசத்தின்னு இதை வச்சு நிரூபிக்க முடியுமா உன்னால?"

"முடியாது."

"அப்ப எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"படகு ஒசத்தின்னு நான் சொல்லவே இல்லையே. பொட்டலமும் படகும் ஒண்ணுதான்னு நீங்கதான் சொல்றீங்க. அதை உங்களாலயும் நிரூபிக்க முடியாது. 'தெரியாது'ன்னு எழுதுங்க டாக்டர். இருக்கற உண்மை அவ்வளவுதான். தெரியாதுன்னு எழுதின கடிதத்தை வச்சு எந்த மகராசனும் படகை நிறுத்த மாட்டான்."

"நீ பொய்க் கணக்கு எழுதினவ. நடவடிக்கை எடுத்தா உன் பேரு நாறிடும், தெரியுமில்ல?"

"எடுங்க. நானே எழுதிக் கொடுத்துடறேன், கையெழுத்தோட." அவள் மேசையருகே போய், கடிதத்தில் தன் பெயருக்கு நேரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து மூடி, டாக்டர் பக்கம் தள்ளினாள். "ஆனா இதுல என் கையெழுத்து விழாது. பேரு நாறினா நாறிட்டுப் போகட்டும். அங்க காலு நாறுது."

டாக்டர் மாஃபி கடிதத்தைக் கிழிக்கவெல்லாம் இல்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர், திரும்பாமலே பேசினார். "படகு போகும். ஒழுங்கா இன்னொரு ஆராய்ச்சி நடக்கற வரைக்கும் போகும். ஆனா நீ இனிமே எந்த ஆராய்ச்சியிலயும் இல்ல. திங்கட்கிழமையிலேர்ந்து பிரசவ வார்டு. விளக்கக் கடிதம் என் மேசைக்கு வரணும்."

"வருது. வியாழக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"எதுக்கு?"

"லீவு நாள்ல நான் எந்தப் படகுல ஏறினா உங்களுக்கென்ன டாக்டர்?"

கதவு சாத்திக்கொண்டது. இனோக்கே தலையில் கை வைத்துக்கொண்டான். பிரிட்ஜெட் வெறும் தாளொன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"அடுத்த ஆராய்ச்சிக்குப் படிவம் வேணும். நீங்க அதுல இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னார். படிவம் எழுதக் கூடாதுன்னு சொல்லலயே."

லெசியேலி உட்கார்ந்து எழுதினாள். முதல் கேள்வி: "பார்க்க வந்தவர் இவருக்குச் சகோதரி முறையா? ஆம் என்றால், வேறு ஆளை அனுப்பவும்." காணவில்லை என்ற கட்டத்தை அவள் போடவே இல்லை. அந்த இடத்தில் "ஏன் வரவில்லை? யாரைக் கேட்டீர்கள்?" என்று எழுதி, நாலு வரி இடம் விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஹூலேவா படகுத்துறையில் கூட்டம் அதிகமாக இருந்தது. வழக்கமான ஆட்களோடு புதிதாக ஏழு ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சொல்லிவிட்டாள் என்ற சேதி தீவு முழுக்கப் போயிருந்தது. எட்டாவது ஆளைத்தான் காணோம்.

லெசியேலி சீருடை இல்லாமல், பூப்போட்ட பாவாடையில் வந்திருந்தாள். படகின் முன்மூலையில் கடலைப் பார்த்து, துறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்தாள். பின்னால் இனோக்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். கட்டுப் பிரிக்கிற சத்தம், யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம், இனோக்கேவின் அசட்டு ஜோக்குகள். அவன் எண் சொன்னான், அவள் எழுதினாள். ஏழும் முடிந்தது. நோட்டில் இருபத்தேழுக்கு நேரே மட்டும் வெற்றிடம். வெயில் ஏறியது. போகலாமா தலைவி என்று இனோக்கே கேட்டபோது அவள் நோட்டை மூடவில்லை.

அப்போது பலகைமேல் அந்தக் கால் இழுக்கிற சத்தம் கேட்டது.

படகு லேசாகச் சாய்ந்தது. யாரோ உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் துணி உரிகிற சத்தமும், தண்ணீர் ஊற்றுகிற சத்தமும்தான். லெசியேலி கடலையே பார்த்தாள். பேனா தாள்மேல் காத்திருந்தது. ஆனால் இனோக்கே வாயைத் திறக்கவில்லை. எப்போதும் ஓயாத வாய் இப்போது என்ன செய்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"மூணேகால்."

இனோக்கேவின் குரல் இல்லை அது. கரகரத்த குரல். முப்பது வருஷமாக அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசாத குரல். தானே குனிந்து அளவுகோலைப் பார்த்துப் படித்திருக்கிறான்.

"மூணேகால்" என்றான் லிசியாத்தே மறுபடியும், கொஞ்சம் சத்தமாக. "போன வாரத்துக்குக் கால் குறைஞ்சிருக்கு. எழுதிக்கங்க அக்கா."

அவள் திரும்பவில்லை. கண் மறைத்தது, கோடு தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு, இருபத்தேழுக்கு நேரே மூணேகால் என்று எழுதினாள்.

"எழுதிட்டேன்" என்றாள் கடலைப் பார்த்து. "அடுத்த வாரமும் வா."